ஆறாவது பல்

அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான்.
பழைய சீசாக்களுக்குள் தமிழ் மாதிரி ஏதோ இருக்கிறதாம்,
பழைய சம்பளப் பட்டியலில் என் பெயரைப் பிடித்தானாம்.
"என்ன எழுதியிருக்கிறது, மேடம்?"
அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.
வியாழக்கிழமை சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

இதே கேள்வியை இயக்குநரும் ஒருமுறை கேட்டார்.
"கடல் வற்றிய நேரம், சார்.
தமிழில் எழுதினால் கை சீக்கிரம் ஓடும்."
தலையாட்டிவிட்டுப் போனார்.
அவர் காலணியில் ஒருநாளும் சேறு இருந்ததில்லை.

அறுபத்திரண்டு. ஜூரோங் அப்போது கண்டல்காடு.
கியோக் லியான் முன்னால், முழங்கால்வரை சேற்றில்.
நான் பின்னால், சாராயச் சீசாக்களோடு.
நெய்தல் பாட்டில் பெண்கள்
நண்டை விரட்டி விளையாடுவார்கள் என்று
பள்ளியில் படித்திருக்கிறேன்.
நாங்கள் நாள்கூலிக்கு விரட்டினோம்.
எனக்கு மூன்று வெள்ளி. அவளுக்கு நாலு,
விலங்கியலில் பட்டம் வாங்கியிருந்ததால்.

எங்களுக்குப் பொதுவாக இருந்தது சந்தை மலாய்.
அதில் பாதி நண்டின் உறுப்புகள்.
பாக்கியம் என்று அவள் வாயில் முழுதாக வராது,
பாக்கி என்பாள்.
அது கடன்காரியைக் கூப்பிடுவதுபோல் இருக்கிறது
என்று விளக்கினேன்.
அதற்கப்புறம் சம்பள நாளில் மட்டும்
முழுப்பெயர்.

அந்த நண்டு நகக்கண் அளவு.
ஈரச் சாம்பல் நிறம், இடது கொடுக்கில் மட்டும் நீலம்.
உள்ளங்கையில் ஏந்தியவள்
வெகுநேரம் மூச்சுவிடவில்லை.
நான் கொசு அடித்தேன்.
"ஷ்" என்றாள்.

ஏழு மாதம். அவள் எண்ணினாள், நான் வரைந்தேன்.
கட்டுரை லண்டனில் அச்சாகி வந்தது
இயக்குநர் பெயரில்.
அடிக்குறிப்பில் 'உள்ளூர் உதவியாளர்கள்' என்று
இரண்டு சொல்.
ஆளுக்கொன்று.

அன்றிரவு ஆய்வுக்கூடத்தில் தனியே இருந்து
ஒவ்வொரு சீசாவாகத் திறந்தேன்.
மை சாராயத்தில் கரையும்.
பென்சில் கரையாது.
பதினேழு சீட்டுகளையும் திருப்பி
எழுதிப் போட்டேன்: லியான் கண்டது.
அவள் கேட்டபோதும்
வற்றிய நேரம் என்றுதான் சொன்னேன்.

பிறகு லாரிகள் வந்தன, மண் வந்தது.
அந்தச் சேற்றின்மேல் இப்போது பெயிண்ட் கிடங்கு.
அவள் உதவியாளராகவே ஓய்வுபெற்றாள்.
என் பிரசவத்துக்கு வாசலில் நின்றாள்,
அவள் அம்மாவின் சவப்பெட்டிக்குப் பின்னால் நான் நடந்தேன்.
ஒரு பூதக்கண்ணாடியை யார் தொலைத்தது என்று
பதினொரு மாதம் பேசாமல் இருந்தோம்.
(அவள்தான் தொலைத்தாள்.)

வியாழன்தோறும் பூன் லே கோப்பிக்கடை.
இந்த வியாழன் சொல்லிவிட்டேன்,
சீட்டை, பென்சிலை, பையனை, எல்லாவற்றையும்.
ரொட்டியை அரைவேக்காட்டு முட்டையில் தோய்த்தபடி
கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பெயர் கிடக்கட்டும், பாக்கி.
கொடுக்கில் ஐந்து பல் என்று அச்சடித்தாரே அந்த மனுஷன்.
ஆறு.
ஆறாவது தேய்ந்திருக்கும்,
விளக்கைச் சாய்த்தால்தான் தெரியும்.
அறுபது வருஷமாக ஒருத்தரும் திருத்தவில்லை.
அதைச் சொன்னாயா பையனிடம்?"

சொல்லவில்லை.

"பிறகு என்னத்தைச் சொன்னாய்!"

அங்கேயே போனை எடுத்தேன்.
தம்பி, ஏழாம் நம்பர் சீசாவை எடு.
சீட்டை அப்புறம் பார்க்கலாம்.
முதலில் இடது கொடுக்கு.
விளக்கைச் சாய்த்துப் பிடித்து
எண்ணு, சத்தமாக.

மூன்று என்றான். நாலு. ஐந்து என்று
நிறுத்தினான்.
போனில் விளக்கை நகர்த்தும் சத்தம்.

எதிரே லியான்
கையில் ரொட்டியோடு
மூச்சுவிடவில்லை.